நடுத்தண்டில் மடிப்பு இல்லை

கரோல் பாகில், ருத்ராட்சத்துக்கு முகம் எண்ணித் தரும்
சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை.
பவளமா கண்ணாடியா, முத்தா பிளாஸ்டிக்கா
அச்சடித்த அட்டை, ஒட்டிய புகைப்படம், அறுநூறு ரூபாய்.
விலங்கியல் படித்தவள் என்பதால்
சங்கு வந்தால் என் மேசைக்கு.

ஜனவரி.
எதிர்க்கடைப் பலகை தெரியாத பனிமூட்டம்.
மேலங்கிக்குள்ளிருந்து, பூனைக்குட்டியை எடுப்பதுபோல்
ஒரு சிவப்புத் துணி மூட்டையை எடுத்து வைத்தார்
பஸ்சிம் விஹார் தர்ஷன்லால் சப்ரா.
ஏழரை லட்சம், என்றார்.
நரேலாவில் வாங்கிப்போட்ட மனையில் பாதி.

வலம்புரிதான், அவர் பாஷையில் அதற்கு வேறு பெயர்.
வாய் வலப்பக்கம் திறந்திருந்தது.
நான் தலைகீழாகத் திருப்பினேன்.
வாய் இடப்பக்கம் போனது.
அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

பயப்படாதீர்கள்.
பூசை செய்பவர்கள் வாலை மேலே பிடிப்பார்கள்,
நாங்கள் கூம்பை மேலே வைப்போம்.
ஒரே சுருள். அவர்களுக்கு வலம், எங்களுக்கு இடம்.
இரண்டு கட்சிக்கும் நடுவே
நத்தை பாட்டுக்குப் படுத்தவாக்கில்
மணலில் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் எக்ஸ்ரே தீபாவளியிலிருந்து பழுது.
கீழ்த்தளப் பல் மருத்துவர் குல்ஷன் பேடி
ஒரு சிறுவனின் சொத்தைக்கும்
ஒரு மணப்பெண்ணின் ஞானப்பல்லுக்கும் நடுவே
மூன்று நிமிடம் தந்தார்.
தாடையை ஊன்றும் இடத்தில் சங்கை ஊன்றினோம்.
இயந்திரம் முனகிக்கொண்டு
ஒருமுறை அதை வலம் வந்தது.
வலமோ இடமோ, கவனிக்கவில்லை.

திரையில்
கீழே போகப்போகக் குறுகும் வெள்ளை அறைகள்.
நடுவே தண்டு.
நம் கடல் சங்கென்றால் அந்தத் தண்டில்
மூன்று நான்கு மடிப்பு, கொசுவம் வைத்ததுபோல்.
இதில் இல்லை.
பெருவிரல் அகலத்துக்கு வழவழப்பு, அவ்வளவுதான்.

வேறு இனம், என்றேன்.
அட்லாண்டிக்கின் அந்தக் கரை.
உடம்பில் ஓடும் பழுப்புக் கோடுகளுக்காக
மின்னல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
அந்தக் கோடுகளை யாரோ அமிலம் போட்டுத் தேய்த்து
வெள்ளையாக்கி விற்றிருக்கிறார்கள்.
அங்கே லட்சத்தில் ஒன்று என்ற பேச்சே இல்லை,
லட்சமும் இப்படித்தான் சுருளும்.
தாய் நத்தை மணலில் விட்டுப்போகும் முட்டைச்சரம்
காசுமாலை மாதிரி, முழ நீளம்.
ஒவ்வொரு காசுக்குள்ளும் கடுகளவு குஞ்சுகள்
பிறக்குமுன்பே ஓடு கட்டி
எல்லாம் ஒரே பக்கம் திரும்பி
யாரும் வியக்காமல்.

அப்படியானால் டூப்ளிகேட்டா?

நாளுக்கு இருபது தரம் நான் எழுதும் சொல்.
சாயமேற்றிய கல்லுக்கும் உருக்கிய கண்ணாடிக்கும்
கை நடுங்காமல் எழுதியிருக்கிறேன்.
இது
சிப்பியின் வாய்க்குள் தன் வாய்விளிம்பைச் செருகி நெம்பி
சில நாள் தின்று, சில நாள் தானே உடைந்து
உடைந்த இடத்தைத் திரும்பக் கட்டிக்கொண்ட ஓடு.
இதோ, இங்கே. தொட்டுப் பாருங்கள்.
தொட்டுப் பார்த்தார். தழும்பில் விரல் நின்றது.
டாக்டரின் உதவியாளன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

இவ்வளவு தூரம் எதற்கு வந்ததாம் இது?
கன்டெய்னரில், கிலோக் கணக்கில் என்று
வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அட்டையில் எழுதினேன்:
இயற்கை ஓடு. கேட்ட இனம் அன்று.
நடுத்தண்டில் மடிப்பு இல்லை.
படிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
சாவ்ரி பஜாரில் விற்றவனின் கடை
மூன்று வாரமாகப் பூட்டியிருக்கிறதாம்.
அறுநூறை எண்ணிக் கொடுத்தார், ஒரு நோட்டு கிழிசல்.

வாசல்வரை போய்த் திரும்பினார்.
மேலங்கி மறுபடி புடைத்திருந்தது.
சுனிதா தினமும் இதற்குப் பால் வார்க்கிறாள்,
அவளிடம் என்ன சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.
ஆனால் பேட்டி, நீ படித்தவள்,
வீட்டில் இதை
எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைக்க?

படுக்க வையுங்கள், என்றேன்.